அவருடைய கேட்டில் நான் நின்ற நாட்கள்

என் நாவல்களில் வரும் ஆட்களில் பாதிப் பேருடைய வேலையை நானே செய்து பார்த்திருக்கிறேன். கிடைத்த மேடைகளில் எல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு கதைக்காகப் பொதட்டூர்பேட்டையில் நான்கு நாள் கத்தரிக்காய் விற்றேன். நான்காம் நாள் பக்கத்துக் கடை அம்மா என் கூடையைப் பார்த்து, "நீ கூவுறத கேட்டா கத்திரிக்கா மறுபடி செடிக்கே பூடும்" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே நாவலில் போட்டுப் பாராட்டும் வாங்கினேன். அதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வந்தது அடுத்த நாவலில்.

கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அடுத்த நாவலின் நாயகன் ஒரு தொழிற்சாலைக் காவலாளி. முதல் மூன்று அத்தியாயங்களை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"உங்க வாட்ச்மேன் லாரிக்காரன்கிட்ட பேசுறது, லேட்டா வந்த பசங்ககிட்ட நீங்க பேசுற மாதிரியே இருக்கு. நெஜ லாரிக்காரனா இருந்தா எறங்கி ரெண்டு வெச்சிருப்பான்" என்றாள்.

என்னிடம் படித்த ஒருவர் கும்மிடிப்பூண்டியில் காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சி வைத்திருந்தார். பத்து நாள் ஏதாவது ஒரு கேட்டில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த பேஜாரு?" என்று சிரித்தார். ஆனாலும் ஒரு இடம் சொன்னார். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. அங்கே பகல் டூட்டிக்காரர் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போகிறார், அவருக்குப் பதிலாக நான். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், வேலை தேடுகிறார் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லச் சொன்னேன். முதல் பொய் அது.

செவ்வாப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, ஏழரைக்குக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். எனக்குப் பொறுப்பை ஒப்படைக்க அந்தப் பகல் டூட்டிக்காரர் கேட்டில் காத்திருந்தார். கவரைப்பேட்டைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அப்பா காலம் வரை நாற்று நட்ட குடும்பம், இவர் காலத்தில் ஆலைக்கு வந்தது.

"அண்ணாத்த, கார் வந்தா சல்யூட் அடி. உள்ள யாரு கீறாங்கன்னு பார்க்காத. ஆளுங்க மாறுவானுங்க, கார் மாறாது" என்றார்.

"உட்காரலாமா?"

"குந்தக் கூடாது. குந்தியே ஆவணும்னா லாரி நம்பர் எழுதுற மாதிரி குந்து. ஆந்திரா வண்டிக்காரன் 'நைனா, நைனா'ன்னு கொஞ்சுவான். கொஞ்சுறவன் வண்டில தார்ப்பாய அவுத்துப் பாரு."

ஐந்து நிமிடத்தில் என் மூன்று அத்தியாயங்களும் குப்பைக்குப் போயின. அன்று முழுவதும் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அந்தப் பத்து நாளைப் போல நான் எப்போதும் உற்சாகமாக இருந்ததில்லை. கால் வீங்கியது, தொப்பி காதுவரை இறங்கியது. என்னிடம் படித்து எஞ்சினியரான ஒருவர் தினமும் என்னைக் கடந்து போனார். ஒரு நாளும் அடையாளம் தெரியவில்லை. அவர் காருக்கு விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு, திரும்பி நின்று சிரித்துக்கொள்வேன். சட்டைப்பையில் சின்ன நோட்டு. லாரிக்குப் பின்னால் போய் நின்று எழுதிக்கொள்வேன்.

எட்டாம் நாள் வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். வரவேற்க யாரும் இல்லை. என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள். வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டேன், வகுப்பில் சொல்வது போல நீண்ட வாக்கியத்தில். ஓடி வந்த மேனேஜர் அதைக் கேட்டு நின்றுவிட்டார்.

"பெரியவரே, எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"கொஞ்சம் சார்" என்றேன். என் நடிப்பில் எனக்கே கர்வமாக இருந்தது.

மறுநாள் ஏஜென்சிக்காரர் போன் செய்தார். மேனேஜர் என்னைத் தொடர்ந்து வைக்கச் சொல்கிறார், இன்னும் கொஞ்ச நாள் நிற்க முடியுமா என்று கேட்டார். நாவல் நன்றாக வந்துகொண்டிருந்தது. உடனே சரி என்றேன். அப்படியானால் அந்தக் கவரைப்பேட்டைக்காரர் என்ன ஆவார் என்று நான் கேட்கவில்லை. தோன்றாமல் போனது என்று சொல்லித் தப்பிக்கலாம். தோன்றியது. கேட்கவில்லை.

விடுப்பு முடிந்து அவர் சீருடையில், தோளில் பையோடு வந்தார். "இன்னா அண்ணாத்த, நீ இன்னும் இங்க?" என்றார். அதற்குள் ஏஜென்சியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. பேசினார். ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய் வெயிலில் நின்றார். தலை கவிழ்ந்திருந்தது. அரை மணி நேரம் கழித்துப் போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார், அதே இடத்தில் நின்றார், போனார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்த இரண்டு நாளும் நான் அவரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வேலை பறிபோனவன் எப்படி நிற்பான் என்பது என் நாவலுக்குத் தேவைப்பட்டது. முதல் நாளே ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டாம் நாள் என்ன செய்வார் என்று பார்க்கக் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்து டீக்கடை அம்மா கிளாஸை என் முன்னால் ணங்கென்று வைத்தார்.

"இன்னா பெரியவரே, அந்தாளு டூட்டிய புட்ச்சிக்கினியாமே? பார்த்தா படிச்ச ஆளு மாதிரி கீற."

ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டு, அவரையே வைத்துவிடுங்கள் என்றேன். "சார், அந்த மேனேஜர் இதுவரைக்கும் எங்கள திட்டாத நாளே இல்ல. இப்பதான் மொத தடவ பாராட்டியிருக்காரு. ஒரு மாசம் மட்டும் நில்லுங்க" என்று கெஞ்சினார்.

சரி, மோசமான காவலாளியாக இருந்தால் அவர்களே துரத்துவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஸ்டூலை வெளியே இழுத்துப் போட்டு, கேட்டுக்கு நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் பார்த்தார். பத்து நிமிடத்தில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. "வயசான மனுஷன், சாய்ஞ்சி உக்காருங்க" என்றார்கள். மறுநாள் மேனேஜர் காரையே மறித்து, அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றேன். அவர் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். மற்ற கேட் ஆட்களை எல்லாம் வரவழைத்து, "இவரப் பார்த்துக் கத்துக்குங்க" என்றார். முப்பது வருடக் கல்லூரி வேலையில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

அதற்கு அடுத்த நாள் அவர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"சார், நான் நாவல் எழுதுறவன். அதுக்காகத்தான் இங்க வந்தேன்."

"இங்க நடக்கிறதையா எழுதுறீங்க?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். இரண்டு நாள் செய்து பார்த்தும் முடியாதது ஒரு நொடியில் முடிந்தது. முகம் வெளுத்து, "இப்பவே கெளம்புங்க" என்றார்.

ஆனால் கிளம்ப முடியவில்லை. மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் கேட்டை விட்டுப் போகக் கூடாது. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட பிறகும் முக்கால் மணி நேரம் காவல் காத்தேன். நடுவில் மேனேஜர் கார் வெளியே போனது. சல்யூட் அடித்தேன். அவர் கையும் பழக்கத்தில் பாதி எழுந்து இறங்கியது.

ஏஜென்சிக்காரர் போன் செய்ததும் கவரைப்பேட்டைக்காரர் வந்து சேர்ந்தார், சீருடையிலேயே. எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார், எதற்கு வந்தேன், போனில் சரி என்றது, இரண்டு நாள் பார்த்து எழுதியது, எல்லாம். மன்னிக்க வேண்டும் என்றேன்.

"அத அப்பால கேளு. சாவி எங்க?"

கொடுத்தேன். சாவியை இடுப்பில் மாட்டியதும் அவருக்கு மூச்சு சீரானது. "என்னப் பத்தி இன்னா எழுதின? படி" என்றார்.

படித்தேன். 'தோற்றவனின் தலை தானாகவே தொங்குகிறது. தோள் பை அவனைத் தரையை நோக்கி இழுக்கிறது.'

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தல எங்க சார் தொங்குச்சு? போனப் பார்த்துக்கினு இருந்தேன். வேற எடம் சொல்றேன்னு ஏஜென்சில சொன்னாங்க. அந்த வெயில்ல ஸ்கிரீன் தெரியல, மூஞ்சிய உள்ள வுட்டுக்கினு பார்த்தேன். பையில கல்லா வெச்சிருந்தேன்? பேத்தி போட்டோவ சட்டம் போட்டு எட்தாந்தேன், இங்க எல்லாருக்கும் காட்டலாம்னு."

பேத்தி பிறந்த செய்தியே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

"நடுவுல ஒரு ரோடு. தாண்டி வந்து இன்னாப்பான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உன் நோட்டும் மிச்சம்" என்றார்.

இந்த நாட்களில் வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது? டூட்டிக்குப் போறேன்னு ஊட்ல இருந்து கெளம்புவேன். மூணு நாளா கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்துலதான் குந்திக்கினு இருந்தேன். தெனமும் ஏழரை வண்டில நீ எறங்குவ. நான் தூண் பின்னால போய்க்குவேன். நீ எப்டி எறங்குவன்னு காட்டட்டா?"

பையை மார்போடு அணைத்தார். இல்லாத கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி, ஒரு காலை இறக்கி, சட்டைப்பையைத் தொட்டுப் பேனா இருக்கிறதா என்று பார்த்து, நிம்மதியாகி, ஊரையே வாங்க வந்தவன் மாதிரி நிமிர்ந்து நடந்தார். காத்திருந்த லாரி டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அது நானேதான். ஒரு அசைவு தப்பில்லை. இரண்டு நாள் நோட்டும் பேனாவுமாக நான் எடுக்க முடியாததை, தூணுக்குப் பின்னாலிருந்து அவர் எடுத்திருந்தார்.

அந்த நாவல் வெளிவந்தது. அவருக்குப் படித்துக் காட்டிய அந்தப் பக்கம் அதில் இல்லை. அதற்குப் பிறகு யாருடைய வேலையிலும் போய் நான் நிற்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து கேட்கிறேன். பாதிப் பேர் கதை விடுகிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. வேலை இல்லாமல் போன அந்த ஐந்து நாளை மட்டும் அவருக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை. நினைக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவரைப் போனில் கேட்டேன்.

"எழுது சார். பேரு மட்டும் போடாத. நான் இன்னும் அதே கேட்லதான் நிக்கிறேன்."