இத்தா வீட்டுக்குள் வந்த கேமரா

அறை வாசலில் வெள்ளைச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியவள் நான்தான். அந்தப் பக்கம் என் மூத்த சகோதரி இருந்தாள், எனக்கு ராத்தா. அவள் புருசன், என் மச்சான், மௌத்தாகி ஒரு மாதமும் ஆகவில்லை. புருசன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேணும், அந்நிய ஆம்பிளைக்கு முகம் காட்டக் கூடாது. ராத்தா அதில் சொட்டும் பிசகாதவள். மீன்காரன் தெருவாசல் கடப்படியில் சத்தம் போட்டாலே முக்காட்டை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரே மகன், கட்டாரில் வேலை. வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நாள் தவறாமல் போனில் உம்மாவின் முகம் பார்த்துக் கதைப்பான். எங்கள் இருவரிடமும் அந்த மாதிரிப் போன் இல்லை. ஒழுங்கையில் உள்ள யாராவது ஒரு ஆளின் போனுக்கு எடுப்பான். அந்த ஆள் போனைக் கொண்டு வந்து திரைக்கு வெளியே நின்று, "உம்மாவைக் காட்டுங்களேன்" என்பார். நான் திரையைத் தூக்குவேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டுவார். "சோறு திண்டியா மனே?" என்றுதான் ராத்தா எப்போதும் தொடங்குவாள். அவன் இல்லை என்றால் ஏசுவாள், ஓம் என்றால் என்ன கறி என்பாள்.

அந்த நேரத்தில்தான் எலெக்சன் வந்தது. டீவியைப் போட்டால் நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து யார் வெல்லுவார் என்று குரைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் போகத்தில் சாகாமத்துப் பக்கம் வயலில் நெல் வேளாண்மை மழைக்குச் சாய்ந்து படுத்துக் கிடந்தது. மச்சான் அந்த வயலைப் பார்த்துப் பார்த்துத்தான் நெஞ்சு வலி வந்து படுத்தார். அப்போது ஒரு கேமராவும் அந்த வரப்பில் கால் வைக்கவில்லை. ஓட்டுக் கேட்கும் காலம் வந்ததும் எந்த வீட்டில் மௌத்து நடந்தது, எந்த வீட்டில் இன்னும் கண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று விசாரித்து விசாரித்துக் கேமராவோடு வந்தார்கள்.

ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு வேட்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். மையித்து வீட்டுக்கு சலாம் சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எங்களிடம் இல்லை. எனக்கோ ஆம்பிளைகளுக்கு முன்னால் வாயே திறபடாது. பாயை விரித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் துஆவுக்குக் கையேந்தினார். படம் பிடிக்கிற போன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கைகள் உயர்ந்தன.

ஒழுங்கை ஆட்களும் கலந்து நின்ற அந்தக் கூட்டத்திலிருந்து தாடி வைத்த ஒரு ஆள் போனைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்தான். "உம்மாவை ஒருக்காக் காட்டுங்க" என்றான். கட்டாரிலிருந்து மகன்தான் எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். திரையைத் தூக்கினேன். ராத்தாவும் அப்படித்தான் நினைத்தாள். போனைப் பார்த்துச் சிரித்தாள். "சோறு திண்டியா மனே?" என்றாள். அந்த ஆள் முகத்தைத் திருப்பவில்லை. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. திரையை விட்டேன். அதற்குள் அவன் வீடியோ எடுத்து முடித்துவிட்டான்.

அஸர் தொழுகைக்கு முன்னமே பக்கத்து வீட்டு மகள் அந்த வீடியோவைப் போனில் காட்ட ஓடி வந்தாள். ராத்தாவின் குரல் அதில் இல்லை. அதை எடுத்துவிட்டுச் சோகப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தார்கள். கீழே, "ஆறுதல் தேடும் ஏழைத் தாய்" என்று எழுதியிருந்தது. மகனிடம் சோறு திண்டியா என்று கேட்டவள் இவர்களிடம் ஆறுதல் தேடினாளாம்! நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எனக்கே தெரியும், அடுத்தவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைப்பதற்குப் பெயர் செய்தி இல்லை, களவு.

மறுநாள் மீன்காரன் கடப்படியில் நின்று, "என்ன ராத்தா, ஊரெல்லாம் உங்கட படம்தான் ஓடுது! இனி எங்களோட கதைப்பீங்களா?" என்று சிரித்தான். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ராத்தா அன்று சோறு தின்னவில்லை.

மௌலவியின் பொஞ்சாதி வந்து, தெரியாமல் நடந்ததில் குற்றமில்லை, இத்தா முறியவில்லை என்று சொன்னார். ராத்தா ஒன்றுதான் கேட்டாள். "குத்தமில்லாட்டி அத அழிக்கச் சொல்லுங்களேன்."

பக்கத்து வீட்டு மகளின் புருசன் அந்தத் தாடிக்காரனுக்குப் போன் எடுத்துக் கேட்டார். "அது நல்லாப் போகுது மச்சான், எலெக்சன் முடியட்டும் பார்ப்பம்" என்றானாம். எலெக்சன் முடிந்தது. அவன் பார்க்கவில்லை.

மகன் அதற்குப் பிறகும் எடுத்தான். ராத்தா போனைத் தொடவே மாட்டாள். திரைக்கு உள்ளே இருந்து குரல் மட்டும் கொடுப்பாள். "உம்மா, முகத்தைக் காட்டுங்க" என்று அவன் கெஞ்சுவான். "என்ட முகம் ஊர் முழுக்கக் கிடக்கு. பார்க்கணுமெண்டா அங்க போய்ப் பாரு" என்பாள். அந்தச் சொல் அவனுக்கு இல்லை, எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். திரையைத் தூக்கிய கை என்னுடையது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இத்தா முடிந்து வெளியே வந்தாள். திரையை நான் கழற்றிவிட்டேன். என்றாலும் போனைக் கண்டால் முக்காட்டால் முகத்தை மூடுவாள். வெளியே வந்த மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுத்தவள் எழும்பவில்லை. மகனின் லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எங்கள் வழக்கப்படி அன்றே அடக்கினோம்.

இப்போது திரும்பவும் எலெக்சன். மூன்று சில்லு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்துகிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு மகள் முகம் கறுத்துப்போய் வந்தாள். அதே வேட்பாளர் மக்களுக்குச் செய்த சேவை என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறார். அதில் ராத்தா சிரிக்கிறாள். கபுறில் கிடக்கிறவளை எழுப்பி ஓட்டுக் கேட்கிறார்கள். அந்தப் போனைக் கிணற்றில் எறிய வேணும் போல இருந்தது.

உடனே அவளுடைய போனிலேயே கட்டாருக்கு எடுக்கச் சொன்னேன். என் ஆயுளில் நான் இவ்வளவு சத்தமாகக் கதைத்ததில்லை. "மகன், பொலிசுக்கு எழுது, கோட்டுக்குப் போ, என்ன செய்வியோ தெரியாது. உம்மாட முகத்த அவனுகள்ட கையிலிருந்து எடு" என்றேன்.



"அந்த வீடியோவ நான் எடுத்து வெச்சிருக்கன் சாச்சி," என்றான். "உம்மாட அடையாள அட்டைப் படத்த விட்டா என்கிட்ட வேற ஒண்டும் இல்ல. பாட்ட நிப்பாட்டிப்போட்டு வாயை மட்டும் பார்ப்பன். திண்டியா மனே எண்டு கேட்கிறது விளங்குது. அதில உம்மா என்னைத்தானே பார்க்கிறா, சாச்சி?"

வெளியே ஒலிபெருக்கி எங்கள் கடப்படியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஓயும் மட்டும் காத்திருந்தேன். பிறகு, "ஓம் மனே, உன்னத்தான்" என்றேன்.