மீன்முள் பொறுக்கியவர்

யூகாகிர் மக்களைப் பற்றி நான் எதுவும் கற்றதில்லை; ஆகவே கண்டதையும் மொழிபெயர்ப்பாளர் சொன்னதையும் மட்டுமே எழுதுகிறேன்.

சைபீரியாவிலிருந்து வந்திருந்த, யூகாகிர் பழங்குடியைச் சேர்ந்த முதிய வேட்டைக்காரர் ஒருவரின் முகம் நம் வெயிலில் சிவந்திருந்தது. கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் ஒரு மீனவர் வீட்டில் உண்டபின், தட்டிலிருந்த மீன்முட்களை ஒன்றுவிடாமல் கைக்குட்டையில் சேர்த்தார்.

"நாய்க்குப் போட்டிரும் அய்யா, அது உம்ம வாயத்தான் பாத்துட்டுக் கெடக்கு," என்றாள் வீட்டுக்காரி.

"எலும்பை அவமதித்தால் அந்த உயிர் மறுபடி பிறந்து நம்மிடம் வராது," என்று முதியவர் மொழிபெயர்ப்பாளர் வழியே சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் அவள் கணவரின் வலை வெறுமையாகவே திரும்பியிருந்தது.

"அப்போ மீனு வராததுக்கு எங்க நாயிதான் காரணமா?" என்று சிரித்தவள், சற்று நின்று, தன் தட்டின் முட்களையும் அவர் கைக்குட்டையில் இட்டாள். அவர் அவற்றைக் கடலில் விட்டுத் தலைகுனிந்தார்.

மறுநாள் வலையில் மீன் விழுந்ததா என்பதை நான் அறியேன்.