அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்

போன வாரம் சங்கரன்கோவில் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பயப்படாதீர்கள்... என் மேல் கேஸ் இல்லை. கரிவலம்வந்தநல்லூர் சித்தப்பாவுக்குத் துணையாகப் போனேன்.

சித்தப்பாவின் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பாதை இல்லையென்றால் டிராக்டர் போகாது, விதைப்பும் கிடையாது. சித்தப்பாவுக்காக ஆஜரானவர் ஓர் இளம் பெண் வக்கீல். சட்டக் கல்லூரியில் மூட் கோர்ட் - அதுதான், மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி கோர்ட் - போட்டியில் கோப்பை வாங்கியவர். போனில் பழைய தீர்ப்புகளைத் தேடி எடுக்கிற வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

சித்தப்பா கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் தலை நரைத்தவர். குறுக்கு விசாரணையில் எல்லா வக்கீலும் கேட்கிற அந்தக் கேள்வியைப் போட்டார்.

“அங்கே உங்களுக்குப் பாதையே கிடையாது, நீங்கள் சொல்வது பொய் என்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?”

சித்தப்பா கைகூப்பினார். “அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைப்பிஸ்ட் அதை அப்படியே அடித்துவிட்டார்!

“மறு விசாரணை உண்டாம்மா?” என்றார் ஜட்ஜ். அந்த இடத்தில் எங்கள் வக்கீலே சித்தப்பாவிடம் திரும்ப இரண்டு கேள்வி கேட்டு ஓரளவாவது சரிக்கட்டியிருக்கலாம். வக்கீலம்மா கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு, “இல்லை” என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏன் சித்தப்பா அப்படிச் சொன்னீய?”

“கோட்டு போட்ட பெரிய மனுசன் கேக்குதாரு. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிலே சொல்ல?”

வக்கீலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மூட் கோர்ட்ல சாட்சியே கிடையாது சார். ஜட்ஜ்கிட்ட வாதாடுனதோட சரி. காலேஜ்ல படிச்ச வரைக்கும் ஒரு கட்சிக்காரர்கிட்டகூட உக்காந்து பேசுனதில்ல.”

சாட்சிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது தப்பு. ‘மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவில்லை’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது தப்பா? அதைச் சொல்ல வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? தீர்ப்பைத் தேடித்தர இனி போனே போதும். கைகூப்பி நிற்கிற மனிதரைப் புரிந்துகொள்ள...? நோயாளியைத் தொட்டே பார்க்காத ஒருவரை டாக்டர் என்று வெளியே அனுப்புவோமா? வக்கீலை மட்டும் அனுப்புகிறோமே! எனக்குக் கோபம்தான் வந்தது, அந்தப் பெண் மேல் அல்ல.

சித்தப்பாவோ அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார். “விடுங்க வக்கீலம்மா. அடுத்த கேஸுல சரியா பண்ணிருவீய.”

கட்டாயம் பண்ணுவார். சித்தப்பாவிடம் இருப்பது இந்த ஒரு கேஸ்தான்.