கொட்டிலுக்கு வெளியே சொன்ன செபம்

எங்கள் பாடசாலைக்கு விழா எடுக்கிறார்கள். ஆரம்பகால ஆசிரியர்களில் உயிரோடு இருப்பவன் நான் மட்டும் என்பதால், அது தொடங்கிய கதையை எழுதித் தரும்படி இப்போதைய பாடசாலை அதிபர் கேட்டார். சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் எழுதுகிறேன்.

இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபத்துக்கும் உடப்புக்கும் இடையில் எங்கள் மீன்பிடிக் கிராமம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர் இன்னும் போகாத காலத்தில் கத்தோலிக்க மிஷன் சுவாமியார் ஒருவர் அங்கே பாடசாலை தொடங்கினார். ஓலைக் கொட்டிலுக்கு ஆண்கள் கம்பு நட்டார்கள். பெண்கள் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு பின்னினார்கள். இடுப்பளவு அரைச்சுவர், அதற்குமேல் கடற்காற்று. பரப்பிய மணலில் தமிழ் எழுத்தை விரலால் எழுதப் பழக்கினோம். ஊரில் படித்தவன் என்று சுவாமியார் என்னை ஆசிரியராக்கினார்.

பிள்ளைகள் பெருகினார்கள். கல் கட்டிடம் வரும் என்றார் சுவாமியார். கூடவே ஒரு கட்டளை: இனிப் பாடமும் செபமும் சிங்களத்தில் மட்டும். பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிய கட்டிடத்தில் தலைமையாசிரியர் பதவி எனக்கென்று சொல்லியிருந்தார்.

கட்டளை வந்த முதல்நாள், கொட்டிலில் காலைச் செபத்தை ஒரு சிறுமி தமிழில் சொன்னாள். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. வெளியே அனுப்பினேன். அரைச்சுவருக்கு அப்பால் வெயிலில் நின்று, விட்ட இடத்திலிருந்து, முன்னிலும் சத்தமாகச் சொன்னாள். உள்ளே இருந்த பிள்ளைகளும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பிரம்பை எடுத்துப் போய் அவளை அடித்தேன்.

மத்தியானம் தாய் வந்தாள். கருவாட்டு உப்புக் கையைக்கூடக் கழுவவில்லை.

“வாத்தியார் தம்பி, ஆண்டவருக்குத் தமிழ் மறந்து போச்சோ?”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“சுவாமியார்ட கட்டளை, அக்கா. பிள்ளைகள் முன்னுக்கு வரத்தான்.”

“சிங்களமும் படிப்பி. வேணாமெண்டு ஆர் சொன்னது? சந்தையில நானும் அதுதானே பேசுறன். தமிழை ஏன் புடுங்குறாய்? இந்தக் கிடுகு நான் பின்னினது. இதுக்குக் கீழ என்ட மகள் வாய் திறக்கக் கூடாதோ?”

“கூடாது” என்றேன்.

மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை பிறகு வரவில்லை. தாயோடு கருவாடு காயப்போட்டாள். கல் கட்டிடம் எழும்பியது, சுவர் கூரைவரை. தலைமையாசிரியர் கதிரையில் நான் இருந்தேன்.

சிங்களத்தோடு எனக்குப் பகையில்லை. என் பேரப்பிள்ளைகள் சிரிப்பதும் சண்டை பிடிப்பதும் அதில்தான். இரண்டையும் படிப்பித்திருக்கலாம். அந்தத் தாய் கேட்டது அவ்வளவே.

இதுவரை எழுதியதை அதிபரிடம் காட்டி, சிங்களத்தில் விளக்கினேன்.

“சேர், இந்தத் தமிழை வாசிக்க இப்போது ஊரில் ஆளில்லையே” என்றார்.

“ஓம். தமிழைப் புடுங்குற வேலையைத் தொடங்கினது நான்தான். அதையும் போடுங்கோ.”

சிங்களத்தில் சுருக்கி, அடித்த கதையை விட்டுவிடலாமா என்றார். முடியாது என்றேன். விழாவில் நானே மேடையேறித் தமிழில் முழுவதையும் வாசிப்பேன். ஒலிபெருக்கியை நிறுத்தினால், வெளியே போய் வெயிலில் நின்று வாசிப்பேன்.