ஆய்வு நாளுக்கு ஒரு குழந்தை

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். கூட வேலை செய்கிற பெண்கள் வைத்தது. காலர் தைக்கிறவள், கை வேகம், வாய் அதைவிட வேகம். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதிலிருந்து மட்டும் அந்த வாய் மூடியே கிடந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம், வேறென்ன? நிறைமாதத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டதற்கே, ஊர் உலகத்தில் யாரும் பிள்ளை பெறவில்லையா என்று கேட்டவள் சூப்பர்வைசர். அவளும் இரண்டு பெற்றவள்தான்.

வீட்டில் பையன் புட்டியைத் தட்டிவிட்டு வீறிட, மாமியார் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இங்கே இவளுக்கு மார் கட்டிக்கொண்டு சுடிதார் நனையும். கழிப்பறைக்கு ஓடிப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவாள். பெற்ற பிள்ளைக்கு இல்லாத பால் சாக்கடைக்குப் போனால் வயிறு எரியாதா? போதாக்குறைக்குப் பாலும் வற்றத் தொடங்கியிருந்தது.

இத்தனைக்கும் தையல் கூடத்தின் ஓரத்திலேயே ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டிய அறை இருந்தது. சட்டத்துக்குப் பயந்து கட்டியது. தொட்டில் உண்டு, பொம்மை உண்டு, சுவரில் யானை உண்டு. குழந்தைதான் கிடையாது. சட்டை வாங்கும் கம்பெனியின் ஆட்கள் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் பூட்டைத் திறப்பார்கள். மானங்கெட்ட பிழைப்பு!

ஒருநாள் சூப்பர்வைசர் தேன் ஒழுகப் பேசிக்கொண்டு வந்தாள். நாளைக்கு ஆய்வாம். பையனுக்கு நல்ல சட்டை போட்டுக் கூட்டிவர வேண்டுமாம். நாளைக்கு மட்டுமா என்று மிளகாய் கேட்டாள்.

“பின்ன? தினம் தூக்கிட்டு வர்றதுக்கு இது என்ன உங்க அம்மா வீடா?”

ஆய்வாளர்கள் வந்தார்கள், பையனைக் கொஞ்சினார்கள், படம் எடுத்தார்கள். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், சூப்பர்வைசர் சாவியோடு வந்து நின்றாள். அப்போதுதான் பால் குடிக்க ஆரம்பித்திருந்த பிள்ளையைப் பிடுங்கி எடுத்து, வாசலில் நின்ற மாமியார் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. அவன் கதறியதை நினைத்தால் சொல்கிறவனுக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் காலையும் அவள் பையனோடுதான் வந்தாள். நேற்று விட்ட காவலாளி இன்றும் விட்டுவிட்டார். அறை பூட்டியிருந்தது. சாவி கேட்டாள், சூப்பர்வைசர் சிரித்தாள். மிளகாய் பூட்டிய கதவுக்கு முன்னால் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

தையல் வரிசையில் ஒருத்தி முடித்தால்தான் அடுத்தவளுக்கு வேலை. காலர் வரவில்லை, காலரைச் சட்டையில் பொருத்துகிறவள் கையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. சூப்பர்வைசர் வேறொருத்தியைக் காலர் மெஷினில் உட்காரச் சொன்னாள். தனக்குக் காலர் தைக்க வராது என்று அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பேஷாக வரும் அவளுக்கு.

கூடம் முழுக்க மெஷின் சத்தம் அடங்கியதும் மேனேஜர் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்று குதித்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

“தூக்குங்க சார். நேத்து இந்த ரூம்ல எம்புள்ளைய வச்சுப் போட்டோ எடுத்துட்டுப் போனாங்கல்ல, அவங்ககிட்டயே போய் இன்னைக்கு ஏன் பூட்டியிருக்குன்னு கேக்குறேன்.”

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்துக் கையை நீட்டினார். சாவி தானாக வந்தது, கதவும் திறந்தது. அவர் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் எட்டும்படி சொன்னார்.

“உனக்கு மட்டும்தான். வெளிய மூச்சு விடாத.”

அவள் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். ஒரு மெஷினும் ஓடவில்லை. எல்லாத் தலையும் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க. சார் ரூமைத் திறந்து விட்டுட்டாரு. கைக்குழந்தை வச்சிருக்கவங்க நாளையிலேர்ந்து தூக்கிட்டு வாங்க.”