காதில் வெந்நீர், வாயில் பெண்கள் பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் வரத் தொடங்கியிருந்த சமயம். திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறேன். ரயிலில் வந்து இறங்குபவர்களை மலைக்கோயிலில் கொண்டுபோய் விடுவதுதான் என் பிழைப்பு. அந்த மாதத்தில் ஒரு சவாரி தவறினாலும் மனசு ஆறாது.

ஒரு காலையில் படுக்கையில் வலப்பக்கம் திரும்பினேன். வீடே சுழன்றது. மின்விசிறி, பீரோ, ஜன்னல் எல்லாம் ஒரே திசையில் ஓடின. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பித்தமாக இருக்கும் என்று வண்டியை எடுத்துவிட்டேன். மலைப்பாதையில் பாதி ஏறியபோது கண்ணாடியைப் பார்க்கச் சற்றே அண்ணாந்தேன். மறுபடியும் அதே சுழற்சி. எப்படியோ ஓரம் கட்டினேன். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். அவர்களை வேறு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன்.

உள்ளூர் டாக்டர் மாத்திரை கொடுத்து, சென்னையில் ஒரு காது மருத்துவரிடம் அனுப்பினார். அவர், காதுக்குள் கேட்கிற பகுதியும் உடம்பை நிலையாக வைக்கிற பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகவும், இரண்டையும் சோதித்துவிடலாம் என்றும் சொன்னார். பரிசோதனைக்கு முன் தலைசுற்றல் மாத்திரையை நிறுத்த வேண்டும், அன்று காபி கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும், வண்டியைத் தொடவே கூடாது.

இதைக் கேட்டு என்னைப் பார்க்க வந்தார் பாவா. என் அக்கா வீட்டுக்காரர், ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார்.

"காதுல சுடுதண்ணி ஊத்துவாங்களாம்பா. எங்க தறிக்காரன் ஒருத்தன் சொல்லிகினு இருந்தான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அன்று இரவு நானும் மனைவியும் சரியாகச் சாப்பிடவில்லை. மூளையில் ஏதாவது கட்டியாக இருக்குமோ என்று இருவருக்கும் பயம்.

துணைக்கு வந்த மனைவி கூடவே இருந்தாள். பரிசோதனை செய்தது ஒரு இளம்பெண். முதலில் விளக்கடித்துக் காதுக்குள் பார்த்தார். பிறகு கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். "எவ்ளோ சின்ன சத்தமா இருந்தாலும் அமுக்குங்கண்ணா. சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க." அப்படி ஓர் அமைதியில் நான் உட்கார்ந்ததே இல்லை. வெகுதூரத்தில் கொசு பாடுவதுபோல் ஒரு சத்தம்; அமுக்கினேன். அப்புறம் நிஜமா, பிரமையா என்று தெரியாத ஒன்று, அதற்கும் அமுக்கினேன். பிறகு காதில் மெத்தென்ற ஒரு அடைப்பானை வைத்தார்கள். திருமலைக்கு பஸ்ஸில் ஏறும்போது காது அடைக்குமே, அதே மாதிரி இருந்தது. வலி கிடையாது.

அடுத்து, கேமரா வைத்த பெரிய கண்ணாடியைக் கண்ணில் மாட்டினார்கள். திரையில் ஓடும் பச்சைப் புள்ளியைக் கண்ணால் துரத்த வேண்டும்.

"காதுக்கு எதுக்கும்மா கண்ணு?" என்றேன்.

"காதுல கோளாறுன்னா கண்ணு காட்டிக் குடுத்துடும்ணா."

புள்ளி முடிந்ததும் என்னைச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்துத் தலையை வலப்பக்கம் திருப்பினார். வந்தது அந்தச் சுழற்சி. நான் அலறினேன். அவரோ, "ஆங், வந்துடுச்சு, கண்ண மூடாதீங்க" என்றார் சந்தோஷமாக. என் தலைசுற்றலுக்காக இவ்வளவு மகிழ்ந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

கடைசியில் தண்ணீர். பாவா சொன்னது பாதி உண்மை. ஊற்றினார்கள், ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெதுவெதுப்புதான். கண்ணாடியை மூடிவிட்டதால் ஒரே இருட்டு.

"இப்ப கொஞ்சம் சுத்தும், தானா அடங்கிடும். அதுவரைக்கும் மனசு சும்மா இருக்கக்கூடாது. பொம்பளைங்க பேரா சொல்லிட்டே இருங்க."

முதலில் மனைவி பெயரைச் சொன்னேன். புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன். பிறகு அம்மா, அக்கா, மச்சினி, மகள். அதற்குள் கட்டில் ராட்டினமாகிவிட்டது. ஒரு பெயரும் வரவில்லை.

"நிறுத்தாதீங்க, சொல்லுங்க சொல்லுங்க."

எங்கிருந்தோ ஒரு பெயர் வந்து விழுந்தது. எங்கள் சொந்தத்திலும் இல்லாத, தெருவிலும் இல்லாத பெயர்.

இருட்டுக்குள் மனைவியின் குரல் கேட்டது. "இன்னாங்க, யாரு அது?"

"அக்கா, அப்புறமா கேளுங்க. அவருக்குத் தல சுத்திட்டு இருக்கு" என்றார் அந்தப் பெண்.

"சுத்தட்டும். யாருன்னு சொல்லிட்டு சுத்தட்டும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். "சிரிக்காதீங்கண்ணா, அளவு கெட்டுடும்" என்று சொன்னவரும் சிரித்தார். என் மனைவியும் சிரித்துவிட்டாள். அந்தச் சில வாரங்களில் எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் சிரிப்பு. அடுத்த காதுக்கு அந்தப் பெண், "வேணாம்ணா, ரயில்வே ஸ்டேஷன் பேரு சொல்லுங்க" என்றார். அரக்கோணம், மணவூர், திருவள்ளூர் என்று சென்னை வரைக்கும் பிசகாமல் ஒப்பித்தேன். (முன்னால் சொன்ன பெயர் என் மூன்றாம் வகுப்பு டீச்சருடையது. மனைவி இன்றுவரை பாதிதான் நம்புகிறாள்.)

டாக்டர் முடிவுகளைப் பார்த்தார். "மூளையில கோளாறுன்னு சொல்ற மாதிரி ஒன்னும் தெரியல. காதும் நல்லா கேக்குது. உள்ள மணல் மாதிரி துகள் இருக்கும், அது இடம் மாறி வலது காதுல சிக்கிகிச்சு. அவ்ளோதான்." அங்கேயே படுக்கவைத்து, தலையை மெதுவாக ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்காரவைத்தார். சற்று ஓய்வுக்குப் பின் மறுபடி சாய்த்துப் பார்த்தார். சுழற்சிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. என் கையைப் பிடித்திருந்த மனைவி அதை விடவே இல்லை.

மறுபடி வரலாம், வந்தால் இதேபோல் சரிசெய்துவிடலாம், சில நாள் கழித்து வண்டி ஓட்டுங்கள் என்றார். அப்படியே செய்தேன்.

ஊர் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே மரங்களும் மின்கம்பங்களும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தேன். மனிதனுக்கு இருந்த இடத்தில் அசையாமல் இருக்க முடிவதே எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது, ஒவ்வொரு காலையும் படுக்கையில் வலப்பக்கம் திரும்பும்போது எனக்கு இன்னும் புதிதாகவே தெரிகிறது.