திரைச்சீலை அசைய வேண்டும்

தெருவார் அவளைத் தையலக்கா என்பர். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துக் கண்மூடியபின், தையல் இயந்திரமும் தம்பியுமே அவளுக்கு மிஞ்சிய சுற்றம். பெண் பார்க்க வந்தவர்களிடம், "நாங்க ரெண்டு பேரா வருவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். அவளும் விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்குவாள்.

தம்பி முப்பது வயதைக் கடந்தவன். அறிவு வளர்ச்சி மட்டும் அவனுக்குத் தன் போக்கில் மெல்ல நடந்துவந்தது. சொற்கள் இல்லாமல் இல்லை. இறைவன் அவற்றை ஆழமான கிணற்றில் வைத்திருந்தான். கயிறு இறங்கி ஏறும்வரை பொறுத்திருந்தால் தெளிந்த நீர் கிடைக்கும். கேள்வி கேட்டால் இமைக்காமல், விரல்கூட அசைக்காமல் இருப்பான். இடையில் யாரேனும் மறுபடி கேட்டுவிட்டால் கயிறு அறுந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை அவனுக்கான உதவித் திட்டத்தை வகுக்கும் கூட்டம் நடக்கும். முன்பெல்லாம் அலுவலகத்தில் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள். எதிரே இருப்பவன் மூச்சு விடுவது தெரியும், ஆகவே காத்திருந்தார்கள். பின்னர் கூட்டம் கைபேசித் திரைக்குள் வந்துவிட்டது. சென்ற ஆண்டு திட்ட அலுவலராகிய இளம்பெண் கேள்வியைக் கேட்டாள். தம்பி சிலையானான்.

"அக்கா, உங்க பக்கம் படம் நின்னுடுச்சு. கட் பண்ணிட்டு மறுபடி கூப்பிடுறேன்."

"நிக்கலைம்மா, அவன் யோசி..." என்பதற்குள் திரை கருத்தது. மீண்டும் அழைப்பு, மீண்டும் கேள்வி, மீண்டும் சிலை. தையலக்கா விளக்கிச் சொல்ல, அலுவலரும் தலையாட்டத்தான் செய்தாள். ஆனால் அன்று இணைப்பு உண்மையாகவே நடுநடுவே நின்றது. எது தம்பியின் மௌனம், எது இணைப்பின் மௌனம் என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. நேரம் கரைந்தது. விருப்பம் தெரியவில்லை என்று முடிவாகி, பகல் பராமரிப்பு மையத்தில் மணி கோக்கும் வேலையே அவனுக்குத் தொடர்ந்தது.

மணி அவனுக்கு வெறுத்துப்போய் வெகுகாலமாயிற்று. மையத்துக்குப் போகும் வழியில் பேக்கரி வாசலில் கால் நட்டுக்கொண்டு நின்றுவிடுவான். உள்ளே கேக் பெட்டி மடிக்கும் மேசைமேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டான். இவ்வாண்டு அந்தப் பேக்கரியே மையத்திலிருந்து ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் விருப்பத்தை அவன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அக்காள் சொல்வது செல்லாது. நல்ல விதிதான். ஆனால் இக்கூட்டத்தில் அவன் வாய் திறக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

வேலை கிடைத்தால் முதல் சில மாதம் தானும் அவனருகே உட்கார்ந்துகொள்வதாகத் தையலக்கா மனத்துக்குள் ஏற்பாடு செய்திருந்தாள்.

கூட்டத்தன்று அவனைச் சன்னல் திரைச்சீலைக்கு முன்னே அமர்த்தி, மேசை விசிறியைச் சீலைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அழைப்பு வந்ததும் கைபேசியின் முன் குனிந்தாள்.

"பாரும்மா, இவன் பின்னாடி சீலை ஆடுதா?"

"ஆடுது அக்கா."

"அது ஆடுற வரைக்கும் லைன் இருக்கு, இவன் யோசிக்கிறான். நின்னா மட்டும் கட் பண்ணு."

"போன வருஷமே இதைச் சொல்லியிருக்கலாமே."

"போன வருஷம் எனக்கு ஏதும்மா இவ்வளவு புத்தி."

அலுவலர் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, பேக்கரிக்கு வேலைக்குப் போறீங்களா, இல்ல மையத்துலயே இருக்கீங்களா?"

தம்பி உறைந்தான். பின்னே சீலை அலையலையாய் எழுந்து தாழ்ந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கைபேசி அணையவில்லை, விசிறிதான் முனகிக்கொண்டே ஓய்ந்தது. சீலை மெல்லத் தணிவதைத் தையலக்கா கண்டாள். வாய் திறந்தால் கயிறு அறும். திறக்காவிட்டால் அழைப்பு அறும். தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய், நாற்காலிக்குப் பின்னிருந்து சீலையின் நுனியைப் பிடித்து ஆட்டினாள்.

தையல் விரலுறை மாட்டிய கை ஒன்று சீலையை ஆட்டுவது அலுவலருக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. தையலக்காவின் தோள் கடுத்தது. கை மாற்றி ஆட்டினாள்.

"பேக்கரி" என்றான் தம்பி.

சற்றுக் கழித்து அவனே, "பெட்டி மடிப்பேன்" என்றான்.

"அக்காவும் கூட வந்து உக்காரணுமா அண்ணா?"

மறுபடியும் சிலை. மறுபடியும் சீலை. இம்முறை சீலை தேவைக்கு மேல் வேகமாக ஆடியது.

"அக்கா வாசல் வரைக்கும்" என்றான். பிறகு, "உள்ள நான்."

"அக்கா, கேட்டுச்சா? அப்படியே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோம்மா" என்றது நாற்காலிக்குப் பின்னிருந்து ஒரு குரல். "அவன் சொன்ன மாதிரியே எழுது. வாசல் வரைக்கும்."

மின்சாரம் திரும்பியது. விசிறி சுழன்றது. தையலக்கா மட்டும் சீலையை விடவில்லை. அதன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி திரும்பி, சீலையையும் அவள் கையையும் பார்த்தான். இதற்கு அவனுக்கு நேரமே பிடிக்கவில்லை.

"அது தானா ஆடும். நீ விடுக்கா."